தோலுக்கு வெளியே ஓர் ஓட்டு

ஒரு மனிதன் தன் தோலுக்கு வெளியே வந்து நின்று ஓட்டுப் போட முடியுமா? எஸெல் மோஸ்லியின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, அது இந்த ஒரு கேள்வியைச் சுமந்து திரிந்த வாழ்க்கை என்றே எனக்குப் படுகிறது. அவன் இந்தச் சொற்களில் கேட்டதில்லை. "நம்ம ஊர்ல ஒருத்தனாவது இருப்பான்" என்பான். அதற்கு மேல் பேச மாட்டான்.

எஸெலைப் பெரிய மனிதன் என்று நான் சொல்ல மாட்டேன். தேவாலயப் பாடற்குழுவில் சுருதி சேராமல் பாடுவான். யாராவது முகம் சுளித்தால் இன்னும் உரக்கப் பாடுவான். சீட்டாட்டத்தில் தோற்றால் நாள் கணக்கில் முகம் கொடுக்க மாட்டான். நல்லவர்கள் என்று அவன் நம்பியவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள் இல்லை. ஆனால் ஒரு காரைக் குலுங்காமல் ஓட்டத் தெரியும். டில்லார்ட் குடும்பத்தின் இறுதிச்சடங்கு நிலையத்தில் அவன் ஓட்டுநர். சவவண்டிக்குப் பின்னால் செத்தவரின் குடும்பம் ஏறிப் போகும் நீளக் கறுப்புக் கார் அவன் பொறுப்பில் இருந்தது.

எங்கள் கேட்டன்வில்லில் இறுதிச்சடங்கு நிலையங்கள் இரண்டு. ஒன்று வெள்ளையர்களுக்கு, டில்லார்டுடையது கறுப்பர்களான எங்களுக்கு. கல்லறைத் தோட்டங்களும் இரண்டு. அலபாமாவில் சட்டம் மாறி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. சாப்பாட்டுக் கடையில் யாரும் எங்கேயும் உட்காரலாம். சாவு மட்டும் இரண்டாகவே இருந்தது. அப்படி இருக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனாலேயே அதை மாற்றவும் யாராலும் முடியவில்லை.

அதிபர் தேர்தல் வந்தால் டில்லார்டின் நீளக் காருக்கு வேறொரு வேலை. நடக்க முடியாத எங்கள் கிழவர் கிழவிகளை ஏற்றிக்கொண்டு போய் வாக்குச்சாவடியில் இறக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. ஓட்டுரிமை கிடைத்த முதல் வருஷத்திலிருந்து இது நடக்கிறது. அன்று ஓட்டுப் போடப் போன கறுப்பரை வேலையிலிருந்து துரத்துவார்கள், குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், கடையில் சரக்குத் தர மாட்டார்கள். எஸெலின் அப்பா அப்படித்தான் குத்தகை நிலத்தையும் வீட்டையும் ஒரே வாரத்தில் இழந்தார். டில்லார்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் பிணங்களை வெள்ளையர்கள் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை, ஆகவே அவர் தொழிலைக் கெடுக்கவும் அவர்களுக்கு வழியில்லை. ஊரில் எங்களுக்கு என்று இருந்த ஒரே பயமில்லாத கார் அது.

அதில் ஏறும்போது கிழவிகள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி ஒவ்வொரு தடவையும் கேட்பாள்: "ஏன்டா எஸெல், இன்னிக்கு என்னைத் திரும்ப வீட்டுல கொண்டாந்து விட்டுருவதானே?"

"இன்னிக்கு விட்டுடறேன் அத்தை. அடுத்த தடவைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது."

தீவனக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார ஆண்கள், கறுப்பர் பக்கத்தில் பிணங்கள்கூட ஓட்டுப் போடப் போகின்றன என்று சொல்லிச் சிரிப்பார்கள். எஸெல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவான். ஓட்டுநர் கடைசியாகத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பது முதல் டில்லார்ட் வைத்த பழக்கம். வரிசையில் நிற்கும்போது யாராவது வம்புக்கு இழுத்து, போலீஸ் வந்து ஓட்டுநரைக் கொண்டுபோய்விட்டால் கிழவிகளை யார் வீடு சேர்ப்பது? அந்தப் பயம் தீர்ந்த பிறகும் பழக்கம் நின்றது. எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, சாவடி மூடும் நேரத்தில் எஸெல் உள்ளே வருவான். எங்கள் சாவடி பழைய தீயணைப்பு நிலையத்தில். பெயர் சரிபார்க்கும் மேசையில் நான் உட்கார்ந்திருப்பேன். அவனுக்கு வாக்குச்சீட்டைக் கொடுத்தால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சாவடிக்கு எதிரே பெக்கான் மரத்தடியில் எங்கள் பெண்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை எண்ணுவார்கள். தீவனக் கடை வாசலில் அவர்களுடைய ஆண்கள் எண்ணுவார்கள். சின்ன ஊர், எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். வேட்பாளர் பெயர்கூடத் தேவையில்லை, நிறத்தை எண்ணினால் போதும். மாலையில் முடிவை அச்சிட்டுக் கதவின் கண்ணாடியில் ஒட்டுவார்கள். எங்கள் தலைகள் எத்தனையோ அத்தனை ஓட்டு ஒரு கட்சிக்கு, அவர்கள் தலைகள் எத்தனையோ அத்தனை மற்றதற்கு. ஒவ்வொரு தேர்தலிலும் எஸெல் அந்தக் கண்ணாடி முன் நின்று பார்ப்பான். ஒருத்தனாவது இருப்பான் என்று அவன் சொன்னது இந்தக் கணக்கில்தான். ஒரே ஒரு ஓட்டு மாறி விழுந்திருக்காதா என்று பார்ப்பான். விழுந்திருக்காது.

அந்த ஒருத்தன் யாராக இருப்பான் என்பதிலும் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. டிவிட் சான்சம்.

டிவிட் வெள்ளையன். குழி தோண்டும் இயந்திரம் வைத்திருந்தான். ஊரில் அந்த இயந்திரம் ஒன்றுதான், ஆகவே இரண்டு கல்லறைத் தோட்டங்களுக்கும் அவன்தான் தோண்டுவான். எங்கள் போதகர்கள் சீக்கிரம் முடிப்பவர்கள் இல்லை. ஜெபம் நீளும்போது, மண் மூடக் காத்திருக்கும் டிவிட்டும் குடும்பத்தைத் திரும்பக் கூட்டிப் போகக் காத்திருக்கும் எஸெலும் வேலியோரம் நிற்பார்கள். டிவிட்டிடம் எப்போதும் காகிதப் பையில் அவித்த வேர்க்கடலை இருக்கும். முதலில் பை மட்டும் கை மாறியது. பிறகு பேச்சும் வந்தது. நாய்கள், மழை, முழங்கால் வலி, அன்றைய போதகரின் நீளம். தேர்தலைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததில்லை.

எஸெல் அவனை "மிஸ்டர் டிவிட், நீங்க" என்றும், டிவிட் இவனை "எஸெல், நீ" என்றும் கூப்பிட்டார்கள். அது ஊர் வழக்கம். எஸெலின் ஒரே மகன் கார்னெல் மர லாரி கவிழ்ந்து செத்தபோது டிவிட் இயந்திரத்தைக் கொண்டுவரவில்லை. மண்வெட்டியோடு வந்து, ஒரு பகல் முழுக்கக் கையால் தோண்டினான். எஸெல் நன்றி சொல்லப் போனபோது அவன் சொன்னது ஒன்றுதான்: "இனிமே என்னை மிஸ்டர்னு கூப்பிடாதே." அன்றிலிருந்து எஸெலும் அவனை நீ என்றே கூப்பிட்டான்.

எங்கள் நிறத்து மனிதர் ஒருவர் அதிபர் பதவிக்கு நின்ற வருஷம் வந்தது. எஸெல் காருக்கு மெழுகு பூசி வைத்தான். அன்று அவன் ஏற்றி வந்தவர்களில் சிலரை உயிரோடு பார்த்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. டிவிட் மத்தியானம் வந்தான். மேசையில் என்னிடம் பெயரைச் சொன்னான், சீட்டை வாங்கிக்கொண்டு, வேட்பாளர் பெயருக்கு நேரே உள்ள வட்டத்தைப் பேனாவால் நிரப்ப மறைப்புக்குள் போனான். வெகுநேரம் கழித்தே வெளியே வந்தான். அவன் அதிகம் படிக்காதவன், அதனால் இருக்கலாம் என்று நினைத்தேன். அதை எஸெலிடம் சொல்வது என் வேலையில்லை, ஆனால் சொன்னேன்.

மாலையில் முடிவை ஒட்டினார்கள். எங்கள் தலைகளைவிட ஓர் ஓட்டு அதிகம்.

பெக்கான் மரத்தடிப் பெண்கள் தங்கள் எண்ணிக்கையை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தீவனக் கடைக்காரர்களும் ஒப்பிட்டார்கள். அவர்கள் பக்கம் ஒன்று குறைந்தது. சந்தேகமே இல்லை. எஸெல் கண்ணாடியில் விரலை வைத்து அந்த எண்ணைத் தொட்டான். நாடு முழுக்க வந்த முடிவு அவனுக்கு அதற்குப் பிறகுதான். வீட்டுக்குப் போய் மனைவி லுவெனியாவிடம், "இருக்கான். நான் சொன்னேன் பாரு, ஒருத்தன் இருக்கான்" என்றானாம். அவள் பதில் பேசாமல் சோளரொட்டியை அறுத்து வைத்தாள் என்பதை அவன் அப்போது கவனிக்கவில்லை.

வெள்ளையர்கள் பக்கத்தில் அந்த ஒருத்தனைத் தேடினார்கள். கறுப்பர்களுக்குக் குழி வெட்டி வெட்டி டிவிட்டுக்கு மண் தலைக்கேறிவிட்டது என்று தீவனக் கடையில் பேச்சு. நேராகவே கேட்டார்கள். அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளையர் கல்லறைத் தோட்டத்து வேலையைப் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுத்தார்கள். தேவாலயத்தில் டிவிட் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவன் மனைவி சாகக் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் குறைவு. லுவெனியா போய் வந்தாள்.

எஸெலுக்கு இவையெல்லாம் சாட்சியாகத் தெரிந்தன. செய்யாதவன் ஏன் இல்லை என்று சொல்லாமல் இருக்கிறான்? அவன் டிவிட்டிடம் கேட்கவே இல்லை. கேட்டால் அதன் மதிப்புக் குறையும் என்று நினைத்தான். வேலியோரம் கடலையைக் கொறித்தபடி பக்கத்தில் நிற்பதே போதுமாக இருந்தது. அந்த இரண்டு வருஷங்களில் அவன் பாடற்குழுவில் மெதுவாகப் பாடினான். ஒரு மனிதன் சந்தோஷமாக இருப்பதை நான் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம் எதன்மேல் நின்றது என்று பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

பிறகு வெர்லின் ஸ்ட்ரவுட் இறந்தார்.

இரும்புக்கடை ஸ்ட்ரவுட்டின் விதவை. வெள்ளையர் தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். குழந்தை இல்லை. தன்னை டில்லார்ட்தான் அடக்கம் செய்ய வேண்டும், எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஓலா என்ற சமையல்காரியின் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று தன் வழக்கறிஞரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஓலா அவருடைய தாய். பிறந்தபோதே குழந்தை வெளுப்பாக இருந்ததால், தாய் அதை மொபீல் நகரத்துக்கு உறவினரிடம் அனுப்பி வெள்ளைக்காரியாக வளரவிட்டாள். அது திரும்பி வந்தது ஸ்ட்ரவுட்டின் மணப்பெண்ணாக. அதன்பின் ஓலா சாகும்வரை இருவரும் இதே ஊரில், ஒரே தெருவில் எதிர்ப்பட்டாலும் யாரோ போலக் கடந்து போயிருக்கிறார்கள். அவர் பியானோவுக்குப் பாடிய ஒருவர்கூட அடக்கத்துக்கு வரவில்லை.

குடும்பம் இல்லாவிட்டாலும் குடும்பக் கார் போக வேண்டும் என்று டில்லார்ட் சொல்லிவிட்டார். காலிக் காரை எஸெல் எடுத்தபோது, லுவெனியா கறுப்பு உடையில் வந்து பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். சாலையில் பாதி தூரம் போன பிறகு எஸெல் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஓலா எங்க அம்மாகிட்ட சொல்லியிருந்தா."

எஸெல் காரின் வேகத்தைக் குறைத்தான். அவனுக்குக் கணக்கு வரத் தொடங்கியிருந்தது. "அப்ப அந்த ஓட்டு?"

"வேற யாரு போட்டிருப்பா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"கார்னெல் போனதுக்கப்புறம் உன் மூஞ்சி அப்படி இருந்து அன்னைக்குத்தான் பார்த்தேன். அதுல எப்படி மண்ணள்ளிப் போடறது?" என்றாள் லுவெனியா.

ஆக, அந்த ஒற்றை ஓட்டும் தோலைத் தாண்டவில்லை. ஊர் ஒரு பெண்ணை வெள்ளைக்காரி என்று எண்ணியது. அவளோ ஓட்டுப் போடும் மறைப்புக்குள் போன அந்தச் சில நிமிஷம் தன் தாயின் மகளாக இருந்துவிட்டு வந்தாள். பிழை எண்ணியவர்களுடையது. இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் நிறம் பார்த்தே எண்ணிப் பழகிய ஊர்தான் இப்படி ஒரு பிழையைச் செய்யும். அதைத் திருத்திவிட்டுப் பார்த்தால் கணக்கு பழையபடி சரியாக வந்தது.

குழி தோண்டியிருந்தவன் டிவிட். ஜெபம் நடக்கும்போது இருவரும் வழக்கம்போல வேலியோரம் நின்றார்கள். டிவிட் பையை நீட்டினான். எஸெல் எடுக்கவில்லை. அன்று அவர்கள் பேசியதை எஸெல் பிறகு ஒரு தடவை என்னிடம் சொன்னான், ஏற்ற இறக்கம் இல்லாமல். அப்படியே தருகிறேன்.

"நீ போடலை" என்றான் எஸெல்.

டிவிட் பையின் வாயைச் சுருட்டி மூடினான். "போடலை."

"அப்புறம் ஏன் அவங்க கேட்டப்ப இல்லைன்னு சொல்லலை? வேலை போச்சே உனக்கு."

"இல்லைன்னு சொன்னா அது உன் காதுக்கு வந்துரும். நீ சந்தோஷமா இருந்த."

"என் சந்தோஷத்துக்காக நீ அத்தனையும் பொறுத்துக்கிட்ட. ஆனா அந்த வட்டத்தை மட்டும் உன்னால நிரப்ப முடியலை."

"அவர் பேருக்கு நேரே பேனாவை வச்சுக்கிட்டு நின்னேன் எஸெல். ரொம்ப நேரம் நின்னேன். அந்த ஆளு மேல எனக்கு ஒண்ணும் இல்லை. அவர் ஜெயிச்சுட்டா நீங்கல்லாம் எங்களை வேற மாதிரி பார்ப்பீங்கன்னு தோணுச்சு. நீயும் பார்ப்பேன்னு தோணுச்சு. கை வரலை." பிறகு அவனுக்கும் கோபம் வந்தது. "உங்க பக்கம் மட்டும் என்ன? ஒருத்தன் எங்க பக்கம் மாத்திப் போட்டிருப்பானா இத்தனை வருஷத்துல? நீ போட்டிருப்பியா?"

"எங்கப்பாவை வீட்டைக் காலி பண்ணச் சொன்னது எந்தப் பக்கம்?" என்றான் எஸெல். "நீங்க ரெண்டு வழியில ஒண்ணைப் பிடிச்சீங்க. எங்களுக்கு ஒரு வழிதான் விட்டு வச்சிருந்தீங்க."

ஜெபம் முடிந்தது. டிவிட் மண் மூட நடந்தான். எஸெல் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னான்: "வலது பக்கம் ஈரமா இருக்கு. பார்த்து மூடுங்க, மிஸ்டர் டிவிட்."

டிவிட் நின்றான், திரும்பவில்லை. பிறகு இயந்திரத்தில் ஏறினான்.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். டிவிட் செய்யாத ஒன்றுக்குத் தண்டனையை முழுதாக அனுபவித்தான். தண்டனைக்குப் பயந்து அவன் ஓட்டை மாற்றாமல் இருக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. வெறுப்பும் இல்லை, வெறுப்பவன் கையால் குழி தோண்ட மாட்டான். பயமும் இல்லை, வெறுப்பும் இல்லை, இருந்தும் கை வரவில்லை. பயத்தையாவது சட்டம் போட்டுத் துரத்தலாம். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எஸெலுக்கும் தெரிந்திருக்காது.

அதன்பின் வேலியோரம் ஆளுக்கொரு முனையில் நின்றார்கள். டிவிட்டுக்குச் சர்க்கரை நோய் முற்றி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இயந்திரத்தை விற்றான். ஊருக்கு வெளியே பழைய மரஅறுவை ஆலைப் பக்கம் தனியாக இருந்தான். வெள்ளையர்கள் அவனை மன்னித்துவிட்டதாகச் சொன்னார்கள். வெர்லின் விஷயம் தெரிந்த பிறகு மன்னிக்க எதுவும் இல்லைதானே. ஆனால் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை.

அடுத்த அதிபர் தேர்தலன்று எஸெல் காலையிலிருந்து கார் ஓட்டினான். இறங்குகிறவர்களுக்குக் கையைக் கொடுத்தான். அத்தை என்று அவன் கூப்பிடும் கிழவி அந்தத் தடவையும் அதே கேள்வியைக் கேட்டாள், அவன் அதே பதிலைச் சொன்னான். மாலையில் கடைசி ஆளையும் வீடு சேர்த்துவிட்டான் என்று மரத்தடிப் பெண்கள் எனக்குச் சைகை செய்தார்கள். இனி அவன் வருவான் என்று சீட்டை எடுத்து வைத்தேன். வரவில்லை. கார் மரஅறுவை ஆலைச் சாலையில் போனதாக யாரோ சொன்னார்கள்.

சாவடி மூடக் கொஞ்ச நேரமே இருந்தபோது நீளக் கார் வாசலில் வந்து நின்றது. எஸெல் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். டில்லார்டின் காரிலிருந்து முதல் முறையாக ஒரு வெள்ளையன் இறங்கினான். தீவனக் கடை வாசலில் ஆண்கள் எழுந்து பார்த்தார்கள். பெக்கான் மரத்தடிப் பெண்களும் எழுந்தார்கள். டிவிட் ஊன்றுகோல்களைச் சரிசெய்துகொள்ளும்வரை எஸெல் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிவிட் யாருக்குப் போடுவான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எங்களைவிட எஸெலுக்கு நன்றாகவே தெரியும்.

"படி இருக்கு. காலைப் பார்த்து வைங்க, மிஸ்டர் டிவிட்" என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

டிவிட் என் மேசைக்கு வந்து பெயரைச் சொன்னான். சீட்டைக் கொடுத்தேன். மறைப்புக்குள் போனான். இந்தத் தடவை நேரம் ஆகவில்லை.

எஸெல் கதவைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றான். நான் அவனுடைய சீட்டைத் தூக்கிக் காட்டினேன். "எஸெல், உள்ள வா. இன்னும் மூடலை. உனக்குத்தான் வச்சிருக்கேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். டிவிட் ஊன்றுகோலோடு வெளியே வந்ததும் அவனைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினான். உள்ளே குளிர் வருகிறதே என்று நினைத்தானோ என்னவோ, திரும்பி வந்து கதவை வெளியிலிருந்து சாத்தினான். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் காரைக் கிளப்பி, குலுங்காமல், மரஅறுவை ஆலைச் சாலையில் திருப்பினான்.

அன்று ஏன் ஓட்டுப் போடவில்லை என்று லுவெனியா கேட்டாள். நானும் ஒரு தடவை கேட்டேன். அவன் அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தான், பாடற்குழுவில் உரக்கப் பாடினான், கார் ஓட்டினான். அதைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.